மதுரைக்குப் பிறகு நந்திக்கடல்

(வவுனியாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக வன்னியின் பழைமையைப் பேசுவார்கள். அடங்காப்பற்று, வன்னிமைகள், பண்டாரவன்னியன், குளங்கள். தலைப்புக் கேட்டுத் தொலைபேசி எடுத்தவர்களிடம், "இந்த முறை எதிர்காலத்தைப் பற்றிக் கதைக்கப்போறன்" என்றேன். "அபிவிருத்தியோ, சேர்?" என்றார்கள். "இல்லை, காதல் கதை" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

விசயம் இதுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒரு மாணவி என்னிடம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். நீல மை, நெருக்கமான எழுத்து. 2071ஆம் ஆண்டுக் கிளிநொச்சி. மூன்று பெருந்தொற்றுகள் வந்து போய்விட்டன. மிஞ்சியவர்கள் கண்ணாடிக் கோபுரங்களில் வாழ்கிறார்கள். ஒருவரை ஒருவர் தொடுவது குற்றம். கறுப்பு மேலங்கி போட்ட, சாவே இல்லாத ஓர் இளைஞன் இரவில் கோபுரத்துக்குக் கோபுரம் தாவித் திரிகிறான். அவன் தொட்டால் நோய் மாறும். தொடும் ஒவ்வொரு தரமும் அவனுடைய நினைவுகளில் ஒன்று அழிந்துபோகும். நாயகிக்கு அவனில் விருப்பம். அவளுக்கும் வருத்தம் வருகிறது. நல்ல கரு. கடைசிப் பக்கத்தில் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "சேர், இது எங்கட ஊருக்குப் பொருந்துமா?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். பொருந்தும். மேலங்கியைத் தவிர. நம்முடைய சித்திரை வெக்கைக்குள் அந்த அங்கியோடு ஏ9 வீதியைக் குறுக்கே கடப்பதற்குள் அவனுடைய சாவில்லாத வரம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட கதைக்கு ஒரு நகரம் வேண்டும். அந்த நகரத்தின் சந்துபொந்துகளில் இயற்கைக்கு மேலான ஒன்று சர்வசாதாரணமாகப் புழங்க வேண்டும். நோய் ஒன்று ஊரைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அதற்கு நடுவில் இரண்டு பேர் விரும்ப வேண்டும். நகர்ப்புற மிகுபுனைவு என்று இப்போது இதைச் சொல்கிறார்கள். பெயர்தான் புதிது. பிராட்வே முனையில் கடவுளைக் கந்தசாமிப்பிள்ளையின் கண்ணில் படவைத்த புதுமைப்பித்தன் 1940களிலேயே சென்னையை வைத்து இந்த வேலையைச் செய்துவிட்டார். நோய்க்குப் பின்னான எதிர்காலம் என்றால் அது இன்னும் பழையது. மேரி ஷெல்லி 1826இல் ‘கடைசி மனிதன்’ என்ற நாவலை எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் கொள்ளைநோய் உலகத்தையே துடைத்துவிடுகிற கதை. அதற்கு நான்கு வருடம் முந்தித்தான் அவருடைய கணவர் கடலில் மூழ்கிச் செத்திருந்தார். பிள்ளைகள் சிலரையும் அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார். எதிர்காலக் கதை என்று அவர் எழுதியது இழவுவீட்டிலிருந்து எழுதியது.

மார்க்கேஸின் ‘காலராக் காலத்தில் காதல்’ 1985இல் வந்தது. முடிவில் வயதான காதலர் இருவரும் போகும் ஆற்றுக் கப்பலில் காலராவுக்கான மஞ்சள் கொடியை ஏற்றச் சொல்கிறான் காதலன். அந்தக் கொடியைக் கண்டால் எந்தத் துறைமுகமும் அவர்களைச் சேர்க்காது, தனியாக இருக்கலாம். தனிமைப்படுத்தலைக் காதலுக்கு மறைப்பாகப் பிடித்த அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 2020இல் நம்முடைய ஊர்களில் வாசற்கதவில் ஒட்டிய தனிமைப்படுத்தல் தாள் அப்படி ஒருவருக்கும் உதவவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வருவார், கிராம சேவையாளர் மறுநாள் வருவார், அயல் முழுவதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

கொழும்புக்கு இந்த வகை ஏற்கெனவே வாய்த்துவிட்டது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’ நாவலில் செத்துப்போன ஒரு புகைப்படக்காரன் 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் ஆவியாக அலைகிறான். தான் விரும்பிய தமிழ்ப் பையனை விட்டுப் போக மனமில்லாமல் அலைகிறான். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் ‘ஒளிரும் கதவுகளின் துறவி’ 2023இல் வந்து நெபியுலா விருதும் பெற்றது. லூரியட் என்ற கற்பனை நகரம், திறக்க முடியாத கதவுகள், நிழல் இல்லாத நாயகன், அவனுடைய காதலன், கொள்ளைநோய், தடுப்பு முகாம்கள், இனக் கலவரம். மாணவியின் கொப்பிக்கு நெருங்கிய உறவு அந்தப் புத்தகந்தான். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நம்முடைய கூலிக்காரர், கடைக்காரர், வயல்வெளியில் மாடு மேய்க்கிறவர் ஒருவரும் அவற்றுக்குள் வரவில்லை என்று குறைசொல்ல நான் வரவில்லை. அது நாங்கள் எழுத வேண்டியது.

"வன்னியில் நகரம் எங்கே இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்முடைய பெயர்பெற்ற நாவலான அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் நடக்கிறது. கதிராமனும் பதஞ்சலியும் வாழ்கிற அந்த உலகத்தில் காடும் குளமும் வயலுந்தான் உண்டு. வன்னி என்றால் காடு என்று நாமே எழுதியும் நம்பியும் வந்திருக்கிறோம்.

இப்போது ஒருவரை இந்த மண்டபத்துக்குள் கூட்டிவருகிறேன். ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி. வவுனியா, முல்லைத்தீவு பற்றிய அவருடைய ‘வன்னி மாவட்டங்களின் கையேடு’ 1895இல் கொழும்பில் அச்சானது. காய்ச்சலும் பறங்கிப்புண்ணும் தின்ற ஊர்கள், உடைந்த குளங்கள், ஆளற்றுப்போன குடியிருப்புகள் என்று பக்கம் பக்கமாக எழுதினார். வெள்ளைக்கார உத்தியோகத்தர்களுக்கு வன்னிக்கு மாற்றம் என்றால் காய்ச்சல் என்றே அர்த்தம். அவரைப் பிடித்து உட்காரவைத்து, "ஐயா, இந்தக் காட்டுக்குள் இருபத்தைந்து வருடத்தில் இரணைமடு என்று ஒரு பெருங்குளம் கட்டி முடிப்பார்கள். அதன் கீழ் வயல் விளையும், வயலைப் பார்த்து ஒரு பட்டினம் எழும். பிறகு அங்கே அறிவியல் நகர் என்ற பெயரில் ஓரிடம் இருக்கும், பொறியியல் படிப்பார்கள். மலேரியா இந்தத் தீவிலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றிதழ் தரும்" என்று சொன்னால் என்ன சொல்லியிருப்பார்? குயினைன் மாத்திரையை நம் பக்கம் தள்ளியிருப்பார்.

அதாவது, நாம் இருப்பதே ஒரு பெருந்தொற்றுக்குப் பின்னான எதிர்காலத்தில். 1895இன் கண்ணுக்கு இது மிகுபுனைவு. இந்த மண்டபத்தின் மின்விசிறியும்கூட.

ஆனால் எதிர்காலம் நேர்கோட்டில் வருவதில்லை என்பதையும் அதே மலேரியா நமக்குக் காட்டியது. 1934-35இல் தீவெங்கும் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன நோய் அது. அப்போது அதிகம் செத்தது காய்ச்சலுக்குப் பழகாத கேகாலையிலும் குருநாகலையிலும். வன்னிக்கு அது வருடாந்த விருந்தாளி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி தெளித்தார்கள். 1963இல் முழு நாட்டிலும் 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்தது. நோய் தொலைந்தது என்று கையை உதறினார்கள். ஆறே வருடத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். ‘தொற்றுக்குப் பிந்திய’ என்று ஒரு கதைக்குப் பெயர் வைக்கும்போது இந்த 17 என்ற இலக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குத் திரும்புகிறேன். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 2002இல் ஏ9 திறந்தபோது அங்கே இரவில் விளக்கு எரிந்த கடைத்தெருவைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2009 தொடங்கியபோது அதே ஊரில் தண்ணீர்த் தாங்கி தலைகுப்புறக் கிடந்தது. அந்த வருடமே வன்னி மக்கள் ஒரு புதிய பட்டினத்தில் குடியேறினார்கள். செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். வன்னி தன் வரலாற்றில் கண்ட மிகப் பெரிய நகரம் அதுதான் என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள். அதற்கு வலயங்கள் இருந்தன, வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்கள் இருந்தன, வங்கி இருந்தது, வரிசை இருந்தது. வீடுதான் தறப்பாள். சுற்றிலும் முட்கம்பி. அந்த நகரத்திலும் தொற்று வந்தது: கொப்புளிப்பான், செங்கண்மாரி. 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்களும் ஏற்றி இறக்கப்பட, அந்த நகரம் வரைபடத்திலிருந்து மறைந்தது. மூன்று வருடம் மட்டும் இருந்து மறைந்த இரண்டு இலட்சம் பேரின் நகரத்தை லத்தீன் அமெரிக்காவில் ஒருவர் எழுதியிருந்தால் மாய யதார்த்தம் என்று பாடத்திட்டத்தில் வைத்திருப்போம்.

இந்த வகைக் கதைகளின் சூட்சுமம், ஒரே இடத்தில் பல இடங்கள் அடுக்கி இருப்பது. ஒரு கதவைத் திறந்தால் இன்றைய தெரு, இன்னொன்றைத் திறந்தால் செத்தவர்களின் தெரு. அந்தக் கதவுகளைத் தேடி லூரியட்டுக்குப் போக வேண்டியதில்லை. பம்பைமடுவுக்கு பஸ் ஏறினால் போதும். 2009இல் சரணடைந்த பெண் போராளிகளை அங்கே தடுத்து வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்களை அங்கே தனிமைப்படுத்தினார்கள். 2021 ஓகஸ்ட் 1 முதல் அந்த ஊர்ப்பெயர் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் இருக்கிறது. இன்றைக்கு அங்கே படிக்கும் ஒரு பெடியனும் பெட்டையும் மரநிழலில் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களுக்குப் பக்கத்தில், அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல், வேறு எத்தனை பேர் அதே மரத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள்? கண்ணாடிக் கோபுரம் தேவையா?

இனி என்னுடைய மையமான விசயத்துக்கு வருகிறேன். நகரம், அதீதம், காதல், நோய் நான்கையும் ஒன்றாகப் பின்னிய முதல் தமிழ்க் கதை எது? கையை உயர்த்தத் தேவையில்லை. சிலப்பதிகாரம். மூன்று தலைநகரங்கள், ஒரு காதல், ஒரு துரோகம், ஒரு பிழையான தீர்ப்பு, ஒரு பெண்ணின் மார்பிலிருந்து கிளம்பிய தீ. எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையில் பலர் தாண்டிப்போகும் ஒரு சிறிய பகுதி உண்டு. நூலின் தொடக்கத்தில் உரைநடையில் வரும் உரைபெறு கட்டுரை. மதுரை எரிந்ததற்குப் பிறகு பாண்டிநாட்டில் என்ன நடந்தது என்று அது சொல்கிறது. மழை இல்லை. வறுமை. வெப்பு நோயும் அம்மை நோயும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலிகொடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. கடல்சூழ் இலங்கைக் கயவாகுவும் கோட்டம் எடுத்து விழாச் செய்தான்.

ஆயிரம் பொற்கொல்லர். குற்றம் செய்தவன் ஒருவன். நோய் வந்த நாட்டில் அவனுடைய தொழிலைச் செய்த ஆயிரம் பேரின் தலை போனது. இளங்கோ இதைக் கண்டித்து ஒரு சொல் சொல்லவில்லை. நோய் போனது என்று மட்டும் சொல்லி நகர்கிறார். சிறுவயதில் மனப்பாடம் செய்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

2020இல் உறைத்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை அடக்கம் செய்ய விடாமல் எரிக்க வேண்டும் என்று அந்த வருடம் நாட்டில் விதி வந்தது. நோயைப் பரப்பியது இன்னார்தான் என்ற பேச்சும் கூடவே பரவியது. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அடக்கம் செய்யலாம் என்று இறங்கி வந்தபோது, அதற்கு எந்த இடத்தைக் காட்டினார்கள் தெரியுமா? இரணைதீவு. நம்முடைய கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசம். 1992இல் கடற்படை வர இடம்பெயர்ந்து, இருபத்தாறு வருடம் இரணைமாதா நகரில் காத்திருந்து, 2018 ஏப்ரலில் தங்கள் வள்ளங்களில் தாங்களாகவே ஏறித் தங்கள் தீவுக்குத் திரும்பிய சனத்தின் தீவு. 2021 மார்ச் தொடக்கத்தில் அந்த அறிவிப்பு வந்ததும் தீவு மக்கள் ஆர்ப்பாட்டத்தில் இறங்கினார்கள். தங்கள் உறவுகளைக் கடல் தாண்டிய தீவில் கொண்டுபோய்ப் புதைக்க முஸ்லிம்களுக்கும் மனமில்லை. சில நாட்களில் இடம் ஓட்டமாவடிக்கு மாறியது. எரித்ததற்காக மன்னிப்புக் கேட்பது என்று அமைச்சரவை 2024 ஜூலையில் முடிவெடுத்தது. உயிருள்ள ஒரு சமூகம் இருபத்தாறு வருடம் காத்திருந்து மீட்ட தீவை, இன்னொரு சமூகத்தில் செத்தவர்களுக்கு ஒதுக்கிய இந்தக் கதையை நாவலாக எழுதிக்கொண்டு போனால் பதிப்பாசிரியர், "நம்பும்படி இல்லை" என்று சிவப்பு மையால் வெட்டுவார்.

நோய்க்குப் பலி தேடும் கொற்கையின் கதை அது. இப்போது நம்முடைய கதை.

மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி எங்கே போனாள் என்ற கேள்விக்கு முல்லைத்தீவின் நந்திக்கடலோரத்தில் வேறொரு பதில் இருக்கிறது. ஈழத்துக்கு வந்தாள், ஊர் ஊராகத் தங்கினாள், பத்தாவதாக வந்து தங்கிய இடம் பத்தாம்பளை. அதுவே வற்றாப்பளை ஆனது என்பது ஐதீகம். வந்தது தீயாக அல்ல. ஒரு கிழவியாக. கடற்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள். அவர்கள் பொங்கினார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்றாள். உப்புநீரில் விளக்கு எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பார் மோனே என்றாள். சிறுவர்கள் மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள். ஆயிரம் கண்.

கொற்கையில் ஆயிரம் தலை. இங்கே ஒரே தலையில் ஆயிரம் கண். அங்கே அரசன் கத்தி எடுத்தான். இங்கே சின்னப் பெடியள் சோறு பொங்கிக் கொடுத்து, பேன் பார்த்தார்கள். ஒரே கதைக்கு இரண்டு முடிவு. ஊரை எரித்த கோபம் எப்படித் தணியும் என்று இரண்டு இடத்து ஆட்களும் யோசித்திருக்கிறார்கள். நம்முடைய முன்னோர் யோசித்ததுதான் எனக்கு உயர்வாகப் படுகிறது. இளங்கோவடிகள் மன்னிப்பாராக.

இன்றைக்கும் வைகாசியில் முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோவிலில் அந்த நீரில் விளக்கேற்றி, ஒரு கிழமை வைத்திருந்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோய்ப் பொங்குகிறோம். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோவில்கள் நாவலர் காலத்து அழுத்தத்துக்குப் பிறகு இராசராசேசுவரியாகவும் புவனேசுவரியாகவும் பெயர் மாறிவிட்டன. வற்றாப்பளையில் கண்ணகி கண்ணகியாகவே இருக்கிறாள். இது ஒரு சின்னப் பெருமை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எனக்குச் சின்ன வயதில் கொப்புளிப்பான் போட்டபோது அம்மம்மா நோய் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. "அம்மாள் வந்திருக்கிறா, சத்தம் போடாதை" என்றா. பாயில் வேப்பிலை, வாசலில் வேப்பிலை. வீட்டில் மீன் இல்லை, தாளிதம் இல்லை, சண்டை இல்லை. மூன்றாம் தண்ணி வார்த்த பிறகுதான் வெளியே விட்டா. தனிமைப்படுத்தல், சமூக இடைவெளி எல்லாம் அதற்குள் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது: நோயாளி வெறுக்கப்படவில்லை. வந்திருப்பது விருந்தாளி, அவளைக் குளிர்வித்து அனுப்ப வேண்டும். அம்மம்மாவின் வைத்தியத்தை நான் பரிந்துரைக்கவில்லை, தடுப்பூசி போடுங்கள். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அல்ல. நான் சொல்வது அவ பாவித்த இலக்கணத்தை. 2020இல் வாசலில் தாள் ஒட்டிய வீட்டை அயல் பார்த்த பார்வையையும் அந்த இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காதலைப் பற்றி இன்னும் கதைக்கவில்லை என்று முன்வரிசையில் ஒரு முகம் சொல்கிறது. வருகிறேன்.

பழைய நாட்டு வழக்கில் வன்னிக் காதல் ஒன்றும் மென்மையானதல்ல. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது வரலாறு. அவனைக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்ததற்கு, தங்கை நல்லநாச்சியில் வைத்த ஆசை நிறைவேறாததே காரணம் என்பது மேடையில் வளர்ந்த கதை. யானையை அடக்கிய அரியாத்தையின் கதையில் பொறாமை வென்று அவள் சாகிறாள். கோவலன் கூத்தை முல்லைமோடியில் விடிய விடிய ஆடும்போது மாதவியும் கண்ணகியும் ஒரே இரவில் அழுவார்கள். இந்தக் கூத்தை நினைக்கும்போதெல்லாம் எமிலி சென்ட் ஜோன் மண்டேலின் ‘நிலையம் பதினொன்று’ நாவல் எனக்கு நினைவு வரும். 2014இல் வந்தது. காய்ச்சல் உலகத்தை அழித்த பிறகு ஒரு நாடகக் குழு ஏரிக்கரை ஊர்களுக்கு வண்டியில் போய் ஷேக்ஸ்பியர் நடிக்கிறது. 2071இல் நம்முடைய அண்ணாவி ஒருவர் மத்தளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குக் குளம் கோவலன் ஆடப்போனால்? அந்தக் குழுவில் மாதவி வேடம் கட்டுபவருக்கும் கண்ணகி வேடம் கட்டுபவருக்கும்... சரி, அதை நீங்கள் எழுதுங்கள்.

மாணவியின் கதையில் காதலருக்கு இருக்கும் தடை, தொடக்கூடாது என்ற சட்டம். வெளிநாட்டு வாசகருக்கு அது பயங்கரக் கற்பனை. நமக்கு? 1990களில் வவுனியாவுக்குள் இருக்கவும் வெளியே போகவும் பாஸ் வேண்டும். அதில் எத்தனை வகை என்று உங்கள் பெற்றாரைக் கேளுங்கள். வன்னியை விட்டு வெளியேற இன்னொரு பாஸ். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் ஒருவருமாக நின்ற எத்தனை சோடிகள். மெனிக் பாமில் வேறு வேறு வலயத்தில் விடப்பட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கதைத்தவர்கள் எத்தனை பேர். இதற்கு மேல் ஒரு மந்திரவாதி சாபம் போட வேண்டியதில்லை.

அதிலும் ஒரு வகையை யாராவது எழுத வேண்டும் என்று நான் காத்திருக்கிறேன். போரின் கடைசிக் காலத்தில், ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அவசரம் அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்கள். கலியாணம் முடித்தவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்திராத இரண்டு பிள்ளைகள், ஒரு மஞ்சள் கயிறு, பங்கருக்குள் முதல் இரவு. பல பிரிந்தன. சிலவற்றில் கலியாணம் முடிந்து வருடக்கணக்கான பிறகு காதல் வந்தது. தாலி முதல், காதல் பிறகு. நடுவில் ஒரு பேரழிவு. இப்படி ஒரு காதல் கதை வடிவம் வேறு எந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது?

இன்னொன்று. வற்றாப்பளைக்கு வந்த கண்ணகி தனியாக வந்தாள். இலக்கியத்தில் அவள் கோவலனோடு வானூர்தி ஏறிவிட்டாள்; நம்முடைய கரைக்கு வந்தவள் கணவனைப் பறிகொடுத்து, ஊர் எரிந்ததைப் பார்த்து, நடந்து களைத்து, பசி என்று கேட்ட பெண். 2009க்குப் பிறகு அதே கரையிலிருந்து அப்படி நடந்து வந்த பெண்களுக்கு அரச படிவங்கள் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று பெயர் வைத்தன. அவர்களில் ஒருவருக்கு மீண்டும் ஒருவரில் விருப்பம் வந்தால் நாம் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் கதைக்கிறோம். சாவே இல்லாத இளைஞனை நம்புகிற நாம், நாற்பது வயதில் இரண்டாம் முறை விரும்புகிற பெண்ணை நம்ப மாட்டோம் என்கிறோம். மாணவர்களே, மிகுபுனைவு எழுத ஆசைப்படுகிறீர்களா? அவளுக்கு ஒரு நல்ல முடிவு எழுதுங்கள். கண்டனக் கடிதங்களுக்கு நான் பதில் போடுகிறேன்.

கொப்பி கொண்டுவந்த பிள்ளையிடம் நான் கேட்டவை மூன்றே மூன்று கேள்வி. 2071இல் கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரை யார் திறந்துவிடுகிறார்? அந்த இரண்டு பேரும் முதன்முதல் சந்திப்பது எங்கே? அவர்கள் ஒரே சாதியா? இரண்டாவதற்கு உடனே பதில் வந்தது: "அம்மாச்சி உணவகத்து வரிசையிலை, சேர். அவன் தோசைக்கு நிக்கிறான்." சாவில்லாதவன் தோசை வரிசையில் நிற்கத் தொடங்கிய அந்தக் கணமே கதைக்கு உயிர் வந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார். முதலாவதற்கு அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அப்பா விவசாயி.

அவன் தொட்டால் நினைவு அழியும் என்ற கருவை மட்டும் மாற்றச் சொன்னேன். நம்முடைய ஊரில் நினைவை அழிக்க மந்திரம் வேண்டாம். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள் என்றேன்: அவன் தொடும் ஒவ்வொருவரின் நினைவிலும் ஒன்று அவனுக்குள் வந்து சேரட்டும். தலை நிறையக் கண்களாக. யோசிக்கிறேன் என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

முடிக்கமுன் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிர்காலக் கதை எழுதப்போகிற இந்தப் பிள்ளைகளுக்குப் பழைய கடதாசி வேண்டும். உங்கள் அலுமாரியில், றங்குப் பெட்டியில், படத்துக்குப் பின்னால் இருக்கும். வவுனியா பாஸ், ஓமந்தைத் துண்டு, மெனிக் பாம் அட்டை, நிவாரணக் கூப்பன், தனிமைப்படுத்தல் முடிந்தது என்று தந்த சான்றிதழ், ஊரடங்கில் ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம். எறிந்துவிடாதீர்கள். அசலை நீங்களே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள். மாரி தொடங்கிவிட்டால் கறையான் ஏறிவிடும். அதற்கு முதல் கொடுங்கள்.